எங்கள் ஊரின் முக முன்னேற்றம்

எங்கள் ஊருக்கு வளர்ச்சி முதலில் முகத்தில் வந்தது. ரோட்டில் வருவதாகத்தான் ஏற்பாடு. ரோடு இல்லாததால் அது முடியவில்லை.

தேவிபட்டினத்துக்கு மேற்கே, உடைமரக் காட்டுக்கும் மிளகாய்க் கொல்லைகளுக்கும் நடுவே இருக்கிற ஊர். கோடையில் புழுதி. மழையில் வண்டி அச்சு வரை இறங்கும். முந்தின கார்த்திகையில் அப்படி இறங்கிய வண்டியில் என் மனைவி உலகம்மாள் படுத்திருந்தாள். பிரசவத்துக்கு இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். போய்ச் சேரவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு வேறொன்றும் இல்லை.

நான் மதுரையில் பி.ஏ. படித்தவன். ஊரில் வேறு பி.ஏ. கிடையாது. மிளகாய் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு மகள், பூமயில். ஆறு வயது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு.

தை பிறந்ததும் என்னை ஒரு குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். குழுவில் அதிகாரி அல்லாத படித்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. என்னைக் கேட்டார்களா என்று ஞாபகமில்லை. அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். குழுவின் பெயர் முக முன்னேற்றக் குழு. அது என்ன முன்னேற்றம் என்று விசாரித்தபோது விஷயம் இப்படி இருந்தது.

அந்த ஆண்டு எங்கள் ஊருக்கு ரோடு போட வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு உத்தரவு வந்திருந்தது. ரோட்டை அளக்க ஓவர்சியர் வர வேண்டும். ஓவர்சியரின் ஜீப் வர ரோடு வேண்டும் என்று விதி. மற்ற இலாகா ஜீப்புகள் புழுதியிலேயே வந்துபோயின. இது குறித்துக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது.

இதற்கிடையில் அதே அலுவலகம் தேவிபட்டினம் கடற்கரையில் ஒரு குடிசைத் தொழில் நிலையம் நடத்தி வந்தது. கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓடுகளை இடித்து, சலித்த கடல் மணலும் சோடா உப்பும் சேர்த்து, முகத்துக்குத் தேய்க்கும் தூள் தயாரித்தார்கள். பெயர், முன்னேற்றத் தூள். கடலுக்குள் இருக்கும் நவபாஷாண நவக்கிரகங்களைக் கும்பிட வருகிற யாத்ரீகர்களுக்கு விற்பதாக உத்தேசம். யாத்ரீகர்கள் பாவத்தைப் போக்கிக்கொள்ள வந்தவர்கள். தோலைப் போக்கிக்கொள்ள வந்தவர்கள் அல்ல. ஒருமுறை தேய்த்துப் பார்த்தவர் மறுமுறை அந்தப் பக்கம் வரவில்லை.

மூட்டைகள் கூரை முட்டக் கிடந்தன. பங்குனிக்குள் அவை செலவாக வேண்டும். செலவாக்க முகங்கள் தேவைப்பட்டன. எங்கள் ஊரில் முகங்கள் இருந்தன.

தொடக்க விழா பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்தது. வட்டார வளர்ச்சி அதிகாரி வீரபத்திரன் பேசினார். நெடிய மனிதர். சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். எங்கள் ஜில்லாவுக்கு வந்ததைத் தண்டனையாக எண்ணாமல் தியாகமாக எண்ணியவர்.

“சகோதர சகோதரிகளே! ஓர் ஊரை எதை வைத்து மதிப்பிடுகிறோம்? ரோட்டை வைத்தா? ரோடு என்பது ஊரை விட்டு வெளியே போவதற்கு உள்ள சாதனம். நீங்கள் ஊரை விட்டுப் போக அரசாங்கம் ஏன் செலவு செய்ய வேண்டும்? கிணற்றை வைத்தா? கிணறு ஒரு பள்ளம். ஆனால் முகம்! முகம் உயரத்தில் இருக்கிறது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். போட்டோவில் விழும். கிணற்றை நானே போட்டோ எடுத்துப் பார்த்திருக்கிறேன். கறுப்பாக ஒரு வட்டம் விழுகிறது. மேலிடத்தில் அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.”

கூட்டத்தில் பொன்னுச்சாமி எழுந்தான். உடைமரத்தை எரித்து அடுப்புக்கரி மூட்டம் போடுகிறவன்.

“அய்யா, குடிக்கவே தண்ணி இல்ல. மூஞ்சிய எதுல கழுவ?”

“நல்ல கேள்வி. தூள் முதலாம் ஆண்டுத் திட்டம். தண்ணீர் மூன்றாம் ஆண்டு” என்றார் வீரபத்திரன்.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பஞ்சாயத்துத் தலைவர் மலையாண்டி நன்றி சொன்னார். அவர் என் தாய்மாமன், மாமனாரும் அவரே. முகம் முடிந்த மறுமாதம் ரோடு என்று அதிகாரி அவரிடம் சொல்லியிருந்தார். மாமா அதை மேடையில் மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை பாதியில் விட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். கூட்டத்தில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்காக இறங்கினார் என்று எல்லாருக்கும் தெரியும்.

திட்டம் தினமும் காலை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நடந்தது. கிராம சேவிகா இராமலட்சுமி நடத்தினாள். பரமக்குடிப் பெண். புதிதாக வேலைக்கு வந்தவள். ஈரத் தேங்காய் நாரில் தூளைத் தொட்டு, நெற்றியில் தொடங்கித் தாடை வரை வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். அழுக்கு வருவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும் என்பது உத்தரவு.

அழுக்கு நிற்கவில்லை. தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத்தில் திரி திரியாக வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு அழுக்கு என்று இராமலட்சுமி மலைத்துப்போனாள். மேலிடத்துக்கு எழுதினாள். இந்த ஊரில் அழுக்கு ஆழமாக இருக்கிறது, ஆகவே ஆழமாகத் தேய்க்கவும் என்று பதில் வந்தது. தோல் என்று ஒன்று உண்டு, தேய்த்தால் அதுவும் வரும் என்பதை யாரும் கருதவில்லை.

பெரியவர்களுக்குத் தூள் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. பெண்கள் ஒருமுறை முகத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, மீதியைப் பித்தளைக் குடத்துக்குப் போட்டார்கள். குடங்கள் பளபளத்தன. ஊரே தங்கம் போல மின்னியது. இது அலுவலகத்துக்கு எட்டியது. முன்னேற்றத் தூளைப் பாத்திரங்களுக்குப் பயன்படுத்துவது அரசுப் பொருளை வீணாக்கும் குற்றம் என்று தமுக்கு அடித்தார்கள். ஒரு நாள் திடீர்ச் சோதனை நடந்தது. பளபளப்பான குடம் வைத்திருந்த வீடுகளை எச்சரித்தார்கள். அதன்பின் பெண்கள் குடத்தைத் துலக்கிவிட்டுக் கரி பூசி வைத்தார்கள்.

பூமயில் முதல் வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது முகம் சற்று வெளுத்திருந்தது. இரண்டாம் வாரம் வேகவைத்த இறால் நிறத்தில் வந்தாள். கன்னம் வீங்கி, மூக்கோரம் நீர் கசிந்தது. முற்றத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. வாசலைத் தாண்டியதும் அந்த நெடி பட்டு முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு நின்றாள்.

“எரியுதா?”

“எரியுது அய்யா.”

“தேய்க்கும்போது அழுதியா?”

“அழல. அழுதா அந்தத் தண்ணி பட்டு இன்னும் எரியும். மொத நாளு தெரியாம அழுதுட்டேன்.”

நான் சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். காரம் போடாத சோறு. வாய் ஓரம் வெடித்திருந்ததால் சிறிய உருண்டையாகக் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“அம்மா நெனப்பு வந்தா மல்லாக்கப் படுத்துக்கிருவேன் அய்யா. தண்ணி காதுக்குள்ள போயிரும். மூஞ்சியில படாது.”

அதை அவள் ஒரு நல்ல யோசனையாகத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதமாக எது நடந்தாலும் இறங்கிய சோறு அது.

மறுநாள் குழுக் கூட்டம். மாத அறிக்கை படித்தார்கள். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘திட்டத்தின் துணைப் பலனாகக் குழந்தைகளின் அழும் பழக்கம் ஏறத்தாழ ஒழிக்கப்பட்டுள்ளது.’

“அருமை” என்றார் வீரபத்திரன். “இது நாம் எதிர்பார்க்காதது. அடுத்த ஆண்டு இதையே ஒரு தனித் திட்டமாகப் போடலாம்.”

“முகமெல்லாம் புண்ணாகியிருக்கிறது. சிவந்திருக்கிறது” என்றேன். குழுவில் நான் பேசிய முதல் வாக்கியம்.

“இரத்த ஓட்டம், மிஸ்டர் வேல்சாமி. உள்ளே இருந்த இரத்தம் இப்போதுதான் மேலே வந்து பார்க்கிறது. சிம்லாவில் குழந்தைகளைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லாக் கன்னமும் இப்படித்தான் இருக்கும்.”

“நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?”

“படம் பார்த்திருக்கிறேன்.”

அறிக்கையில் ‘சிம்லாவுக்கு நிகரான கன்னங்கள்’ என்று சேர்த்துக்கொண்டார்கள். அது ஜில்லாத் தலைமையிடத்தில் சுகாதார இலாகாவின் கண்ணில் பட்டது. சிவந்த முகங்கள் என்றால் தொற்றுநோயாக இருக்கலாம் என்று ஒரு சுகாதார அதிகாரி புறப்பட்டு வந்தார். ஜீப்பை விட்டு இறங்காமல் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் பார்த்தார்.

“இது நோய்” என்றார்.

“இது முன்னேற்றம்” என்றார் வீரபத்திரன்.

“சிவப்பு எங்கள் இலாகா.”

“நாங்கள்தானே உண்டாக்கினோம்?”

இரண்டு மணி நேரம் பேசினார்கள். பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். சிவப்பு கூடியது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. காலை வளர்ச்சி இலாகா தேய்க்கும். மாலை சுகாதார இலாகா மருந்து போடும்.

மருந்து என்றால் ஊதா மருந்து. ஆஸ்பத்திரியில் சிரங்குக்குப் போடுவது. நெற்றி முதல் தாடை வரை பூசினார்கள். பள்ளிக்கூடம் விட்டால் கத்தரிக்காய்த் தோட்டம் எழுந்து நடந்து வருவது போல இருக்கும். ‘சிவந்த முகங்கள்: இல்லை’ என்று சுகாதார அதிகாரி எழுதினார். அது உண்மை. ஒரு முகம்கூடச் சிவப்பாக இல்லை.

ஆனால் ஊதாவின் மேல் தூள் பிடிக்கவில்லை. ஆகவே காலையில் முதலில் ஊதாவைப் போக்கத் தேய்த்தார்கள். பிறகு அழுக்கைப் போக்கத் தேய்த்தார்கள். தூள் இருமடங்கு செலவாயிற்று. இது திட்டத்தின் இருமடங்கு வெற்றி என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் பாயசம் கொடுத்தார்கள்.

தொடக்கத்திலிருந்தே நான் ஒன்றைக் கவனித்து வந்தேன். குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடம் லீவு. அன்று மாலை பூமயிலின் கன்னம் கொஞ்சம் தணிந்திருந்தது. மறுநாள் மறுபடி சிவந்தது. இராமலட்சுமி அண்ணன் கல்யாணத்துக்குப் பரமக்குடி போனாள். அந்த நாட்களில் நீர் கசிவது நின்று மெல்லிய பொருக்கு கட்டியது. திரும்பி வந்ததும் இராமலட்சுமி அதைத் தேய்த்து உரித்துவிட்டாள். சிவராத்திரிக்கு மறுபடி தணிந்தது. அரசாங்க விடுமுறைகளில் எல்லாம் என் மகளின் முகம் ஆறியது.

இதில் ஆராய்ச்சிக்கு ஒன்றுமில்லை. விட்டுவிட்டால் ஆறும். குழுவில் சொன்னேன்.

“விட்டுவிடுவது என்றால்?” என்று கேட்டார் வீரபத்திரன்.

“தேய்க்கக் கூடாது. சோப்பு, தூள், ஊதா எதுவும் கூடாது. வெயிலில் நிறுத்தக் கூடாது. பச்சைத் தண்ணீரை மெல்லிய துணியில் நனைத்து ஒற்றலாம். காய்ந்து இழுத்தால் துளி தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். மிச்சத்தைத் தோலே பார்த்துக்கொள்ளும்.”

“தோல் எந்த இலாகா?” என்று குமாஸ்தா கேட்டார். பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

“எந்த இலாகாவும் இல்லை.”

“அப்படியானால் அதனிடம் பொறுப்பை ஒப்படைக்க முடியாது.”

வீரபத்திரன் நாற்காலியில் சாய்ந்தார். என் மேல் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது தெரிந்தது.

“மிஸ்டர் வேல்சாமி, நீங்கள் படித்தவர். சும்மா விடுவது எங்களுக்குத் தெரியாதது அல்ல. உங்கள் ஊர் ரோட்டைச் சும்மா விட்டிருக்கிறோம். கிணற்றைச் சும்மா விட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்துக் கூரையை எட்டு வருஷமாகச் சும்மா விட்டிருக்கிறோம். யாராவது குறை சொல்ல முடியுமா? ஆனால் அவையெல்லாம் தொடங்காத வேலைகள். தொடங்காத வேலையைத்தான் விட முடியும். தொடங்கிய வேலையை விட்டால், ஏன் தொடங்கினாய் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே நிறுத்த முடியாது.”

“பிள்ளைகளுக்கு எரிகிறதே.”

“எரிச்சல் நிலையான பட்ஜெட் இனம் அல்ல. நிதியாண்டு முடிந்ததும் தானாக நின்றுவிடும்.”

விடுமுறையில் முகம் ஆறுகிறது என்று நான் சொன்னதை மட்டும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விடுமுறைகளால் திட்டத்துக்கு இடையூறு ஏற்படுவதாக எழுதி, ஞாயிற்றுக்கிழமையும் தேய்க்க உத்தரவிட்டார்கள். ஆதாரமாக என் பெயரைப் போட்டிருந்தார்கள்.

அன்று முதல் பூமயிலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை.

காய்ந்துகொண்டிருந்த மிளகாயை அள்ளிப் பொன்னுச்சாமியின் களத்துக்குக் கொண்டுபோனேன். நெடி போகும்வரை கண்மாய்த் தண்ணீர் சுமந்து முற்றத்தைக் கழுவினேன். அவளை உள்ளறையில் நிழலில் வைத்தேன். பழைய வேட்டியைக் கிழித்துப் பானைத் தண்ணீரில் நனைத்துக் கன்னத்தில் வைத்து எடுத்தேன். துடைக்கவில்லை. உரிந்து தொங்கியதை இழுக்கவில்லை. அவள் சொறியப் போனால் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னைக்கி என்ன மருந்து அய்யா?”

“ஒண்ணுமில்ல.”

“நேத்தும் அதத்தான சொன்னீக?”

“அதே மருந்துதான்.”

“நல்லா இருக்கு” என்றாள்.

அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு முகம் குறைவதால் ஊரின் சாதனை முழுமை பெறவில்லை என்றும், குழு உறுப்பினரே முகத்தைப் பதுக்குவது வருந்தத்தக்கது என்றும் எழுதியிருந்தது. அதைத் தொடர்ந்து இராமலட்சுமி வாளியும் நாருமாக வந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

“சார், நான் என்ன செய்யட்டும்? மூட்டை தீந்தாத்தான் எனக்கு வேலை நிரந்தரம்.”

அவள் விரல் நுனிகள் எல்லாம் உரிந்து சிவந்திருந்தன.

“மிச்சத்தைக் கண்மாய்ல கொட்டிருங்க.”

“ஒரு மூட்டை கொட்டுனேன் சார். மீனு செத்து மெதக்குதுன்னு மீன்வள இலாகா எங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்ருக்கு.”

உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தேன். விரலில் தடவிக்கொண்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாமா வந்ததுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

“மாப்ளே, ஒரு பிள்ள மூஞ்சியால ஊரு ரோடு நிக்கிது.”

“ரோடு அதனால நிக்கல மாமா.”

“நீ பி.ஏ. படிச்சவன். பேசுவ. எனக்குப் பேசத் தெரியாது. அன்னைக்கி அந்த வண்டிய நானும்தான தூக்குனேன்? இடுப்பளவு சேத்துல நின்னு தூக்குனேன்ல? ரோடு இருந்திருந்தா எம்மக இருந்திருப்பாடா.”

“இருந்திருப்பா.”

“அப்பறமென்ன? ஒரு மாசம் தேய்ச்சுட்டுப் போகட்டும். வளருற தோலு.”

“ரோடு வேணும் மாமா. உங்களவிட எனக்கு வேணும். அதுக்காக இவ தோல உரிச்சுக் குடுக்க மாட்டேன். அவ ஆத்தாளுக்காக அழக்கூட முடியாம கெடக்கா. உங்களுக்குத் தெரியுமா?”

“அவ அழாத பிள்ளன்னு பள்ளிக்கூடத்துல பரிசு குடுத்தாகளே.”

“எதுக்கு அழலன்னு அவள்ட்டயே கேளுங்க.”

கேட்கவில்லை. “ஊரு என்னத்தான்டா கேக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது நியாயமான பேச்சுத்தான். அதன்பின் தெருவில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. என் மிளகாய்க்குக் கூலியாள் கிடைக்கவில்லை. நானே பறித்தேன்.

பங்குனியில் டெல்லியிலிருந்து ஒரு பார்வையாளர் வருவதாகச் செய்தி வந்தது. தேசம் முழுக்கத் திட்டங்களைப் பார்த்து வருகிறவர். அவர் பார்த்து ஒப்பினால் ரோடு உடனே என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பனங்குருத்துத் தோரணம் கட்டினார்கள். அவர் வரும் நாள் காலை ஊதாவைப் போக்கப் பிள்ளைகளைக் கடைசியாக ஒருமுறை தேய்த்தார்கள். ஊதா போகவில்லை. சிவப்பும் போகவில்லை. இரண்டும் கலந்து புதிதாக ஒரு நிறம் வந்தது. அதற்கு இலாகா எதுவும் இல்லாததால் வீரபத்திரன் பயந்துபோனார்.

அவருடைய ஜீப் என் வீட்டுக்கு வந்தது. முன்னால் அவர். பின்னால் மாமாவும் இராமலட்சுமியும். வாளி, நார், தூள்.

பூமயில் வாசற்படியில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தாள். முகம் ஆறியிருந்தது. கன்னத்தில் புதுத்தோல் மெல்லியதாக, சற்று வெளிறி இருந்தது. தொட்டால் அவளுக்கு வலிக்கவில்லை. அழுது பார்த்ததில்லை.

வீரபத்திரன் இறங்கிக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

“மிஸ்டர் வேல்சாமி, உங்கள் மேல் எடுத்த நடவடிக்கை எல்லாம் ரத்து. இந்த முகம் நம் திட்டத்தின் மகத்தான வெற்றி.”

“திட்டத்துக்கு வராததால் ஆறிய முகம் இது.”

“வராமல் இருந்தது எப்போது? திட்ட காலத்தில்தானே? திட்ட காலத்தில் நடக்கிற நன்மையெல்லாம் திட்டத்தின் நன்மை. மழை பெய்தால்கூட அப்படித்தான் எழுதுகிறோம்.”

“எழுதிக்கொள்ளுங்கள். இவள் வரமாட்டாள்.”

“ஒரு நிமிஷம் மேடையில் நின்றால் போதும். எப்படி வந்தது இந்த முகம் என்று அவர் கேட்பார். அவர் கண் முன்னால் ஒரே ஒரு தடவை, லேசாகத் தேய்த்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.”

“உங்கள் முகத்தில் தேய்த்துக் காட்டுங்கள்.”

“என் முகம் நிர்வாகச் செலவில் வருகிறது. அதை வளர்ச்சிச் செலவில் காட்ட முடியாது” என்றார். அவர் விளையாடவில்லை. “தலைவரே, நீங்கள் சொல்லுங்கள்.”

மாமா ஜீப்பை விட்டு இறங்கவில்லை. தலையைக் குனிந்திருந்தார். “ஒரு தடவதான மாப்ளே” என்றார்.

“முடியாது மாமா.”

அப்போது இன்னொரு ஜீப்பின் ஓசை கேட்டது. பள்ளிக்கூடத்தில் அதிகாரியைக் காணாமல் பார்வையாளரே எங்கள் சந்துக்குள் வந்துவிட்டார். வீரபத்திரன் பதறினார். “இங்கேயே காட்டிவிடலாம், சீக்கிரம்” என்று இராமலட்சுமியைக் கூப்பிட்டார். அவள் வாளியோடு இறங்கினாள். ஈரம் சொட்டும் நாரைப் பூமயில் பார்த்தாள். புளியங்கொட்டைகளைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் நடுவில் போய் நின்றேன்.

“அம்மா” என்றாள் பூமயில்.

கார்த்திகைக்குப் பிறகு அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கண்ணில் நீர் கட்டிக் கன்னத்தில் இறங்கியது. அவள் அப்படியே நின்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு எரிச்சலுக்காகக் காத்திருந்தாள். நீர் தாடை வரை வந்து சொட்டியது.

“அய்யா” என்றாள் ஆச்சரியமாக. “எரியல.”

பிறகு வாயைத் திறந்து அழுதாள். தெருமுனை வரை கேட்டது. அடுத்த வீட்டில் கதவு திறந்தது. எதிர்ச்சாரியில் பெண்கள் வெளியே வந்தார்கள். ‘அம்மா’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு சொல் அதில் இல்லை.

பார்வையாளர் இறங்கினார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். குழந்தை ஏன் அழுகிறது என்று இங்கிலீஷில் கேட்டார்.

“நன்றியுணர்ச்சி, சார்” என்றார் வீரபத்திரன்.

“தாய் செத்துப்போனாள். அதற்காக அழுகிறாள். போன மாதம்வரை அதற்கு வேண்டிய தோல் இவளுக்கு இல்லை” என்று நானும் இங்கிலீஷில் சொன்னேன். என் பி.ஏ. அந்த ஊரில் பயன்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை அசைத்தார். பழக்கப்பட்ட அசைப்பு.

“முதலில் அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள்” என்று வீரபத்திரன் என் காதில் சொன்னார். “ரோடு போய்விடும்.”

“அழட்டும்.”

“மிஸ்டர் வேல்சாமி!”

“அழட்டும் என்றேன்.”

இராமலட்சுமி நாரை வாளிக்குள் போட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். மாமா ஜீப்பை விட்டு இறங்கி வந்தார். பூமயிலின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். அவள் முகத்தைத் துடைக்கவில்லை. துண்டை எடுத்துத் தன் முகத்தைத்தான் துடைத்துக்கொண்டார்.

“அழு ஆத்தா. நல்லா அழு. எவன் கேக்குறான்னு பாப்பம்.”

பிறகு திரும்பாமலே அதிகாரியிடம் சொன்னார்.

“வண்டிய அங்கனயே நிறுத்துங்க. பிள்ள அழுது முடிக்கட்டும். மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கிருவோம்.”

சந்தில் இரண்டு ஜீப்புகள். ஒன்று நகராமல் மற்றொன்று திரும்ப இடமில்லை. வாசலில் பெண்களும் ஆண்களும் கூடிவிட்டார்கள். யாரும் விலகவில்லை. டிரைவர் என்ஜினை அணைத்தான்.

பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூமயில் இன்னும் முடிக்கவில்லை.